பதினொன்றரை மணி விளக்கு

மிஷினை நிறுத்தியாச்சு. மணி அஞ்சாக இன்னும் நாலு நிமிஷம் இருக்கு, இருந்தாலும் நிறுத்தியாச்சு. நஸ்ரின் மிஸ்ஸோட ஸ்கூட்டர் தெருமுனையில திரும்பும்போதே எங்க வீட்டுத் தையல் மிஷின் வாயை மூடியிருக்கணும்னு நானா வச்சுக்கிட்ட சட்டம் இது. முதல் நாள் அவங்க ஜோஸ்லினுக்குக் கணக்குச் சொல்லிக்குடுத்துக்கிட்டு இருக்காங்க, நான் பாட்டுக்குக் கடகடன்னு ஓட்டிக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லல. கொஞ்சம் சத்தமாப் பேசுனாங்க, அவ்வளவுதான். அவங்க போனப்புறம் நினைச்சு நினைச்சு எனக்கு வெக்கமாப் போச்சு. அதுலேருந்து திங்களும் வியாழனும் அஞ்சுலேருந்து ஆறு வரைக்கும் எனக்குக் கைத்தையல்தான். இன்னைக்குக் கொக்கி. மாம்பழ மஞ்சள்ல பட்டு ஜாக்கெட், கல்யாணப் பொண்ணோடது, ஆறு கொக்கி வைக்கணும். பாலக்கரையில இந்த மாடி வீட்டுக்கு ஹால் ஒண்ணுதான். நடுவுல ஒரு பழைய சேலையைத் திரையாக் கட்டியிருக்கேன். திரைக்கு இந்தப் பக்கம் நானும் மிஷினும் வெட்டுத் துணியும், அந்தப் பக்கம் ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, ஏழாவது படிக்கிற என் பொண்ணு. வந்துட்டாங்க. படியில செருப்புச் சத்தம். ஹெல்மெட்டை மல்லாத்தி வச்சு அதுக்குள்ள சாவியைப் போடுவாங்க, அந்தச் சத்தம்கூட எனக்கு மனப்பாடம். இன்னையோட மூணு மாசம் முடியுது. இன்னைக்குத்தான் அவங்க எங்க வீட்டுப் போன்ல இருக்குற கணக்கைப் பார்த்து முடிவு சொல்லுவாங்க, இனிமே நேர்ல வருவாங்களா மாட்டாங்களான்னு. அந்தப் போன்ல இருக்குற பச்சையெல்லாம் யார் போட்டதுன்னு எனக்குத் தெரியும். ஊசியில நூல் கோர்க்கவே மூணு தடவை ஆச்சு.

அம்மாடி, என்ன பொண்ணு அது. இருபத்தாறு வயசுதான் இருக்கும். காலையில வீட்ல இருந்தபடியே கம்ப்யூட்டர்ல எங்கெங்கேயோ இருக்குற பிள்ளைகளுக்கு க்ளாஸ் எடுக்குறாங்க, சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு வீடுவீடா வர்றாங்க. மூஞ்சியில ஒரு சலிப்பு பார்த்ததில்ல. முதல் நாளே சொல்லிட்டாங்க, வாரத்துல ரெண்டு நாள் நான் நேர்ல வருவேங்க்கா, மத்தபடி தினமும் போன்ல இந்த ஆப்ல பத்துக் கணக்கு, அவ போடறது என் வீட்ல இருந்தே எனக்குத் தெரியும்னு. ரெண்டும் எதுக்கு மிஸ், போனே எல்லாம் சொல்லிக்குடுக்குமாமேன்னு நான் வெள்ளந்தியாக் கேட்டேன். சிரிச்சாங்க. போன் எங்க தப்புன்னு சொல்லும்க்கா, ஏன் தப்புன்னு பக்கத்துல உக்காந்து பார்த்தாத்தான் தெரியும்னாங்க. அது எனக்குப் பட்டுனு புரிஞ்சிருச்சு. ஜாக்கெட் தோள்ல தூக்குதுன்னு கண்ணாடியும்தான் சொல்லும். ஏன் தூக்குதுன்னு போட்டவளைத் திருப்பி நிக்க வச்சுப் பார்த்தாத்தானே தெரியும். இதோ ஆரம்பிச்சுட்டாங்க. போனைக் கவுத்து வச்சுட்டாங்க. முதல் இருபது நிமிஷம் போன் கவுந்துதான் கிடக்கும், அது சொல்றதை அப்புறம் கேப்போம், நீ சொல்லு முதல்லம்பாங்க. தப்பாச் சொன்னா அடடான்னு கிட்டக்க வந்து பார்ப்பாங்க, என்னமோ இவ புதுசா ஒண்ணு கண்டுபிடிச்சுட்ட மாதிரி. எப்படி யோசிச்ச, எப்படி யோசிச்சன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. நான் எட்டாவது வரைக்கும் படிச்சேன், ஒரு நாளும் ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்ல. கேக்குறதுக்கு நான் எங்க பதில் சொன்னேன், பக்கத்துல இருந்தவ நோட்டைப் பார்த்து எழுதியே எட்டு வருஷத்தை ஓட்டினவதானே. சரி, அது போகட்டும். ரெண்டாவது கொக்கி.

மூணு மாசம்னு ஏன் வச்சாங்கன்னும் அன்னைக்கே சொன்னாங்க. ஆப்ல ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கட்டம் இருக்கு. செவப்புன்னா தெரியல, மஞ்சள்னா பரவால்ல, பச்சைன்னா தேறியாச்சு. மூணு மாசத்துல எல்லாக் கட்டமும் பச்சையாயிருச்சுன்னா அப்புறம் ஆப் மட்டும் போதும்க்கா, நான் வர்ற நேரத்தை வேற பிள்ளைக்குக் குடுக்கலாம், மூணு பிள்ளைங்க காத்திருக்காங்கன்னாங்க. நியாயம்தானே. நான்கூட மனசுக்குள்ள, என் பிள்ளையாவது பச்சையாவது, நீங்க பாட்டுக்கு மூணு வருஷம் வரப்போறீங்கன்னு நினைச்சுக்கிட்டேன். பிள்ளை அப்போ கணக்கு நோட்டைத் திறந்தாலே வயித்து வலின்னு படுத்துக்குவா. இப்ப அவளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உக்கார்றா. அஞ்சுல ரெண்டு பெருசா, மூணுல ஒண்ணு பெருசான்னு மிஸ் கேக்குறாங்க. காதை அங்கதான் வச்சிருக்கேன். சொல்லுடி, சொல்லு. அஞ்சுல ரெண்டுங்குறா. எப்படின்னா, ரெண்டையும் பதினஞ்சாப் பிரிச்சா ஆறு, அஞ்சுன்னு வருது மிஸ்ஸுங்குறா. சரிதான். எங்க கத்துக்கிட்டா இதை. ஆனா அடுத்த கணக்குல தடுக்கி விழுந்துட்டா, வகுக்கச் சொன்னதைப் பெருக்கி வச்சிருக்கா. பார்த்தியா. இன்னும் தேறல. மிஸ் வேணும். நல்லா வேணும். இந்தப் பாவி மகதான் போன்ல எல்லாத்தையும் பச்சையாக்கி வச்சிருக்கேன். குழந்தைதெரசு, உனக்கு எதுக்குடி அந்த வேலை. யார் உன்னைக் கேட்டா.

காய்ச்சல்தான் எல்லாத்துக்கும் காரணம். ஒன்றரை மாசம் இருக்கும். ஜோஸ்லினுக்கு நல்ல காய்ச்சல், எந்திரிக்க முடியல, கண்ணுல பொலபொலன்னு தண்ணி. என்னடி வலிக்குதான்னா, விளக்கு அணைஞ்சுரும்மாங்குறா. அந்த ஆப்ல ஓரமா ஒரு சின்ன விளக்கு இருக்கு. தினமும் பத்துக் கணக்குப் போட்டா எரியும், ஒரு நாள் விட்டா அணைஞ்சு போகும், எத்தனை நாளா எரியுதுன்னு பக்கத்துல நம்பர் வேற போட்டுக் காட்டும். இதுக்கா அழுவாங்க. அவ தூங்கினதும் அவங்கப்பாவோட பழைய போனை எடுத்தேன், அதுலதான் ஆப் இருக்கு. அவர் லாரியில போயிருக்காரு, இருந்திருந்தா உனக்கு எதுக்கு இந்தப் பெரிய படிப்புன்னு கேலி பண்ணியிருப்பாரு. முதல் கணக்கு, அரையும் எட்டுல ஒண்ணும் கூட்டுன்னுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. இதைத்தானே நான் பொழுதன்னைக்கும் பண்றேன். இஞ்ச்ல எட்டுல ஒரு பங்கைத்தான் நாங்க ஒரு நூலும்போம். அரைன்னா நாலு நூலு, அது கூட ஒண்ணு, அஞ்சு நூலு. எட்டுல அஞ்சுன்னு போட்டேன். பச்சைப் பச்சையா எழுத்து வந்து அருமைன்னுச்சு. போன்தான் சொல்லுது, மனுஷங்க இல்ல, தெரியும். இருந்தாலும் உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆயிருச்சு. முப்பத்தேழு வயசுல கணக்குல அருமை வாங்குறேன். முக்காலும் எட்டுல மூணும், போட்டேன். கால்ல பாதி, போட்டேன். பத்துல ஏழு சரி. விளக்கு எரிஞ்சுச்சு. அன்னைக்கு அத்தோட விட்டிருக்கணும்.

விடல. காய்ச்சல் விட்டு அவ ஸ்கூலுக்குப் போனப்புறமும் விடல. ஸ்கூல்ல போன் கூடாதுன்னு இது வீட்டுலதான் கிடக்கும். காலையில சமையல் முடிச்சு, வெட்டற வேலையெல்லாம் முடிச்சு, பதினொன்றரைக்கு ஒரு டீ போட்டுக்குவேன், அப்போ கை தானா அந்தப் போனுக்குப் போயிரும். ஞாயித்துக்கிழமைன்னா அவ கோயில்ல மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருக்குற நேரம். தினம் பத்து. ரெண்டு, நாலு, எட்டு, பதினாறு எது வந்தாலும் கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். மூணு, அஞ்சு, ஏழு வந்துச்சுன்னா தீர்ந்தேன். இஞ்ச் டேப்ல மூணுல ஒண்ணு எங்க இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் மூணு நூல்னு வச்சுக்கிட்டு எட்டுல மூணுன்னு போடுவேன். மீண்டும் முயற்சி செய்ங்கும். துணியில வெட்டிக் காட்டுனா ஒரு குத்தம் சொல்ல முடியாது, கச்சிதமா உக்காரும், இதுக்கு மட்டும் பத்தாதாம். அந்தப் போனோட நான் போட்ட சண்டை எனக்குத்தான் தெரியும். முதல் வாரம் ஜோஸ்லின் வந்து, அம்மா நான் போடாததுக்கெல்லாம் ஸ்டார் வருதும்மான்னா. வந்தா வாங்கி வச்சுக்கோ, மாதா குடுக்குறாங்கன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். கொஞ்ச நாள்ல அவளும் கேக்குறதை விட்டுட்டா. விளக்கு எரிஞ்சிருச்சுல்ல, அவளுக்கு என்ன, சாயங்காலம் போன்ல கணக்குப் போடறதே இல்ல. மிஸ் ஏதோ தாள்ல கைப்பட எழுதிக் குடுத்துட்டுப் போறாங்க, அதைத்தான் உக்காந்து போடுறா. அந்தப் பத்துக் கணக்கு அவ சாப்பாடு. அதை நான் தின்னுக்கிட்டு இருக்கேன். இப்பத்தான் இதையெல்லாம் நினைக்கிறேன். அப்ப நினைக்கல, இல்ல, நினைச்சேன், நாளைக்கு விட்டுரலாம்னு தினமும் நினைச்சேன்.

அப்புறம் ஒரு மூணு வாரத்துக்கு முன்னாடி அந்தக் கணக்கெல்லாம் மாறுச்சு பாருங்க, அதுலதான் நான் சுத்தமா விழுந்தேன். அதுவரைக்கும் கேக், பீட்சா, நீச்சல் குளம், எனக்குச் சம்பந்தமில்லாததா வரும். திடீர்னு, ஒரு பாவாடைத் துணியை மூன்று பேர் சமமாகப் பங்கு போட்டால்னு வருது. சேலைக்கு ஃபால்ஸ் வைக்கிறவங்க ஐந்தில் இரண்டு பங்கு தைத்து முடித்தால்னு வருது. அட, இதுக்கு நான் டெய்லர்னு எப்படித் தெரிஞ்சுதுன்னு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்தக் காலத்து மிஷின் எல்லாத்தையும் ஒட்டுக் கேக்குதுன்னு சொல்றாங்கல்ல, மிஷின் ஓடுற சத்தத்தை வச்சுக் கண்டுபிடிச்சிருக்கும்னு நானே ஒரு கதை கட்டிக்கிட்டேன். ஒரு நாள் கணக்குக்குக் கீழேயே, இஞ்ச் டேப்பை மறந்துவிடுங்கள், துணியை மடித்துப் பாருங்கள்னு எழுதியிருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா மடிச்சேன். லைனிங் துணித் துண்டு ஒண்ணை மூணா மடிச்சேன், அதையே திரும்ப ரெண்டா மடிச்சேன், பிரிச்சா ஆறு கட்டம். மூணுல ஒண்ணுங்கறது ரெண்டு கட்டம், அரைங்கறது மூணு கட்டம், கூட்டுனா ஆறுல அஞ்சு. இவ்வளவுதானா. இவ்வளவுதானா இதுன்னு நான் தனியா உக்காந்து அழுதேன். எட்டாவதுல தெரசு எந்திரின்னு சொன்னா தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னேனே, அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் ஒரு துணியை மடிச்சுக் காட்டலையே. அதுக்கப்புறம் மூணும் அஞ்சும் வசத்துக்கு வந்துருச்சு. ஏழு இன்னும் வரல. ஆனா கட்டமெல்லாம் ஒண்ணொண்ணாப் பச்சையாக ஆரம்பிச்சுருச்சு, ஏழு வர்ற கட்டத்துலகூட பத்துக்கு எட்டு வாங்கிப் பச்சை. நேத்து கடைசிக் கட்டமும் பச்சை. கையில போனை வச்சுக்கிட்டு நான் சந்தோஷப்படுறேன். அப்பத்தான் உறைச்சுச்சு, எல்லாம் பச்சையானா மிஸ் வரமாட்டாங்க. கெட்டிக்காரி. உன் கையாலேயே அவங்களைப் படியிறக்கி அனுப்பப் போற.

அதான் இன்னைக்கு அந்தப் போனைத் தொடவே இல்ல. பதினொன்றரைக்கு டீயைப் போட்டுட்டு ஜன்னலையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், டீ ஆறிப்போச்சு. தொடாம விட்டா ஆன பச்சை திரும்பச் செவப்பாயிருமா என்ன. இப்ப என்ன வழி. சொல்லிட்டா என்ன ஆகும். பிள்ளையோட கணக்கை ஆத்தாளே திருடிப் போட்டான்னு தெரிஞ்சா அவங்க முகம் எப்படிப் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்கு எதுக்கு வரணும்னு போயிட்டாங்கன்னா. அதுவும் ஜோஸ்லின் முன்னாடி. பன்னெண்டு வயசுப் பிள்ளை, அம்மான்னா இன்னும் ஒரு இது இருக்கு. சொல்லாம விட்டா, நல்லாப் படிச்சுட்டா ஜோஸ்லின்னு தட்டிக் குடுத்துட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. சொன்னாலும் போவாங்க, சொல்லாட்டியும் போவாங்க. சொல்லிட்டுப் போனா அசிங்கம் எனக்கு. சொல்லாமப் போனா நஷ்டம் பிள்ளைக்கு. வகுக்கறதைப் பெருக்கி வச்சிருக்கால்ல இப்ப, அதை எந்தப் போன் வந்து எப்படி யோசிச்சன்னு கேக்கும். அஞ்சாவது கொக்கி. ஊசி விரல்ல ஏறிருச்சு. பட்டுல ரத்தம் பட்டா அவ்வளவுதான், விரலை வாயில வச்சுக்கிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் பேச்சு நின்னுருச்சு. போனை நிமித்துறாங்க. நாற்காலி நகருது. ஐயோ, மணி ஆறாகப் போகுது. விரலை வாயிலேருந்து எடுக்கறதுக்குள்ள திரையை விலக்கிட்டு மிஸ் நிக்கிறாங்க, கையில அந்தப் பழைய போன், பின்னாடி ஜோஸ்லின்.

"அக்கா, எல்லாக் கட்டமும் பச்சை. மூணு மாசமும் முடிஞ்சிருச்சு. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

நீங்களே சொல்லுங்கன்னா நான் என்னத்தைச் சொல்ல. சரி மிஸ், உங்க இஷ்டம்னு ஒரு வார்த்தை, முடிஞ்சு போகும், நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. ஜோஸ்லின் என்னையே பார்க்குறா. அவ கையில மிஸ் எழுதிக் குடுத்த தாளு, அதுல வகுக்கறதைப் பெருக்கி வச்சது அடிச்சுத் திருத்தி, பக்கத்துல மிஸ்ஸோட நீல எழுத்து. அந்த நீல எழுத்தைப் பார்த்ததும் எனக்கு மத்ததெல்லாம் விட்டுப் போச்சு. இந்த எழுத்து இல்லாம இந்தப் பிள்ளை என்ன பண்ணும்.

"மிஸ், அது நான். பச்சையெல்லாம் நான் போட்டது. அவ இல்ல."

சொல்லிட்டேன். மடியில இருந்த ஜாக்கெட்டைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே சொன்னேன், எட்டாவதுல நின்ன மாதிரியே.

"தெரியும்க்கா."

பதினொன்றரை மணிக்கு அவ ஸ்கூல்லதானே இருப்பா, போன்ல நேரம் விழும்க்கான்னாங்க. நான் அதை யோசிக்கவே இல்ல, பாருங்க. அதுவும் போக, மூணுல ஒண்ணுக்கு எட்டுல மூணுன்னு எந்தப் பிள்ளையும் போடாதாம், டேப் பிடிக்கிற கைதான் போடுமாம். அதைக் கண்டுபிடிச்சு மூணு வாரம் ஆச்சாம். அன்னையிலேருந்து ஜோஸ்லினுக்குத் தாள்ல தனியாக் குடுத்துட்டு, ஆப்ல வர்ற கணக்கை அவங்க வீட்டுல உக்காந்து அவங்களே ஒண்ணொண்ணா எழுதிப் போட்டாங்களாம். பாவாடைத் துணி, சேலை ஃபால்ஸ், டேப்பை மறந்துருங்க, துணியை மடிங்க, எல்லாம். மிஷின் ஒட்டுக் கேக்கல. இந்தப் பொண்ணுதான் முதல் இருபது நிமிஷம் போனைக் கவுத்து வச்சுக்கிட்டு, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவளையும் சேர்த்துக் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. உனக்கும் தெரியுமாடின்னு ஜோஸ்லினைப் பார்த்தேன். அவ கொஞ்சமும் அலட்டிக்காம, "அம்மா இன்னும் ஏழுலதான் தடுமாறுறாங்க மிஸ்"ங்குறா. என் வண்டவாளம் பூரா சாயங்காலம் சாயங்காலம் போனைத் திறந்து பார்த்திருக்கா கழுதை. எனக்குக் கண்ணுலேருந்து கொட்டுது, சிரிப்பும் வருது, பட்டு நனைஞ்சுரும்னு ஜாக்கெட்டை மிஷின் மேல தூக்கிப் போட்டேன்.

"முதல்லயே ஏன் மிஸ் சொல்லல?"

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்க."

அவங்களே மேல சொன்னாங்க. ஜோஸ்லினுக்கு இன்னும் பாதிக் கட்டம் மஞ்சள்தானாம், தாள்ல தனியாக் குறிச்சு வச்சிருக்காங்களாம், அதனால வர்றதை நிறுத்துற பேச்சே இல்லையாம். ஆப்ல அவளுக்கு வேற பேர்ல புதுசாத் திறந்து குடுத்துடறாங்களாம், இந்த விளக்கு என்னோடதாவே இருக்கட்டுமாம். ஜோஸ்லினும் சரின்னா. அப்புறம் ஹெல்மெட்லேருந்து சாவியை எடுத்தாங்க. நாலு படி இறங்கியிருப்பாங்க, நின்னு திரும்பிப் பார்த்தாங்க.

"அதிருக்கட்டும்க்கா, இன்னைக்குப் பதினொன்றரைக்கு ஏன் ஆப்ல வரல? எனக்கும் அப்பத்தான் க்ளாஸ் முடியும். டீயை வச்சுக்கிட்டு உங்களுக்காக உக்காந்திருந்தேன்."

பயமா இருந்துச்சு மிஸ்ஸுன்னேன். நாளைக்கு வந்துருங்கன்னுட்டுப் போயிட்டாங்க. ஸ்கூட்டர் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. ஆறாவது கொக்கி பாக்கி இருக்கு, கல்யாணப் பொண்ணு வீட்ல ஆள் வந்துரும். வரட்டும். போனை எடுத்துப் பார்த்தேன், விளக்கு அணைய இன்னும் நேரம் இருக்கு. ஜோஸ்லினோட நாற்காலியில நான் உக்காந்தேன், அவ மிஸ்ஸோட நாற்காலிக்கு மாறிக்கிட்டா. முதல் கணக்கே ஏழுல இருந்துச்சு.